பங்காளிப் பகையும் பழியும்: குடும்பத் துரோகத்தைச் சொல்லும் தமிழ் ஆக்‌ஷன் படங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த வீட்டுக்குள் முளைக்கும் துரோகம், அதற்கு வாங்கும் பழி. இந்த ஒரு கதையைத் தமிழ் சினிமா எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் சொல்லிவருகிறது. நானும் விடாமல் பார்த்துவருகிறேன். இப்படிப்பட்ட படம் ஒன்று வெளியாகும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து, என்னால் முடிந்த பதிலைத் தந்திருக்கிறேன். சில படங்களின் முடிவையும் சொல்லவேண்டி வந்தது. பார்க்காத படத்தின் பெயர் கண்ணில் பட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பழிவாங்கும் படம் எல்லாமே குடும்பத் துரோகப் படம்தானா?

இல்லை. அப்பாவைக் கொன்றவர்களை மகன் தேடிப் பிடித்துக் கொன்றால் அது பழிவாங்கும் கதை, அவ்வளவுதான். 1989இல் வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’ நல்ல உதாரணம். நேர்மையான போலீஸ் அதிகாரியைக் கொன்ற நான்கு பேரை, அவருடைய மகன் அப்பு ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறான். அந்த நான்கு பேரும் வெளியாட்கள். அதில் கோபம் உண்டு, சாமர்த்தியம் உண்டு, துரோகத்துக்கு இடமில்லை.

துரோகத்துக்கு முன்னால் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். நம் பேச்சு வழக்கில் இதற்கு ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம்’ என்று பெயர். அந்தத் தொடருக்குள்ளேயே சோறு இருப்பதைக் கவனியுங்கள். நான் ஒரு படத்தை எடைபோடுவதும் இதை வைத்துத்தான்: குத்தியவன், குத்துப்பட்டவன் கையால் ஒரு வேளையாவது சாப்பிட்டதை எனக்குக் காட்டினார்களா? காட்டியிருந்தால் அந்தக் கத்தி எனக்கும் வலிக்கும். காட்டாவிட்டால் எத்தனை லிட்டர் ரத்தம் ஓடினாலும் அது வெறும் சாயம்தான்.

இந்தக் கதைகள் ஆங்கிலப் படங்களிலிருந்து வந்தவை என்கிறார்களே?

எடுக்கும் முறையில் அந்தச் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதை நம் களத்து மண்ணிலிருந்து வந்தது. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின் முடிவில் நடக்கும் படுகளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாள்கணக்கில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, கடைசியில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைத் தரையில் கிடத்தி, அவன் தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அடித்தவனும் அடிபட்டவனும் யார்? ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். பங்கு கேட்டு மறுக்கப்பட்டு, சபையில் மானம் போய், சபதம் எடுத்து, பழி முடித்த கதை. அதே களத்தில் செத்தவனுக்காக ஒப்பாரியும் எழும். வென்ற பக்கத்தின் மகிழ்ச்சியும் தோற்ற பக்கத்தின் அழுகையும் ஒரே மண்ணில், ஒரே காலைப்பொழுதில். நம் நல்ல படங்களின் கடைசிக் காட்சியில் வெற்றிக்களிப்பு ஏன் இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சரியான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை இருக்கிறது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பி. பங்காளிகளின் வஞ்சத்தில் தொடங்கும் பகை. மாண்ட அண்ணன்மாரைத் தேடிக் காட்டுக்குள் அலையும் தங்கை தங்காள். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் இன்றும் அவர்களுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். தெற்கே வந்தால் நல்லதங்காள். பஞ்சம் தாளாமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டிவிடுகிறாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாள். திரும்பி வந்த அண்ணன் மனைவியையும் விட்டுவைக்கவில்லை, தன்னையும் விட்டுவைக்கவில்லை. வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. ஒரு கவளம் சோற்றை மறுத்ததில் தொடங்கி ஒரு குடும்பமே அழிந்த கதை. அரிவாள் வருவதற்கு முன்னால் அதில் உலைப்பானை வருகிறது.

பங்காளி என்றாலே வில்லன்தானா? தாய்மாமன் ஏன் நல்லவராகவே இருக்கிறார்?

பங்காளி என்ற சொல்லின் பொருளே பங்கு உள்ளவன். ஒரே சொத்து, ஒரே குலதெய்வம், ஒரே கோயிலில் முதல் மரியாதை. பிரிக்கும்போது ஒருவனுக்குக் கூடினால் இன்னொருவனுக்குக் குறையும். தாய்மாமன் சீர் கொண்டுவருபவர். அவரோடு வரப்புத் தகராறு இல்லை. பாசம் ஒரு பக்கமும் பங்கு மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கும் உறவுமுறை இது. திரைக்கதை எழுதுபவர் கண்டுபிடிக்க எதுவுமில்லை, பார்த்து எழுதினால் போதும்.

1992 தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ இதை மிக நுட்பமாகச் செய்தது. பரதன் இயக்கம், கமல்ஹாசனின் எழுத்து. பெரிய தேவருக்கும் அவர் தம்பி குடும்பத்துக்கும் நடுவில் உள்ள பகை ஒரு கோயில் பூட்டில் வந்து நிற்கிறது. பெரிய தேவரான சிவாஜி கணேசனும் தம்பி மகன் மாயனாக வரும் நாசரும் நேருக்கு நேர் நிற்கும்போது, பெரியப்பாவுக்கு முன் மாயன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற முறை இருவருக்கும் தெரியும். அந்த முறை மீறப்படுவதுதான் அங்கே முதல் வெட்டு. ரத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அப்படியானால் இவையெல்லாம் சாதிப் பெருமை பேசும் படங்கள்தானே?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குடும்ப மானம் என்று படம் சொல்லும்போது, பல இடங்களில் அது சாதி மானம் என்றுதான் காதில் விழுகிறது. ‘தேவர் மகன்’ முடிவில் கதாநாயகன் அரிவாளைப் போடச் சொல்கிறான், பிள்ளைகளைப் படிக்கவைக்கச் சொல்கிறான். ஆனால் அந்தச் செய்தியைவிட அதன் பாட்டும் மீசையும் ஊர்வலங்களில் அதிகமாகப் போய்ச்சேர்ந்தன.

2023இல் ‘மாமன்னன்’ படத்தின் இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, இயக்குநர் மாரி செல்வராஜ் ‘தேவர் மகன்’ தன்னை எப்படிக் காயப்படுத்தியது என்பதைப் பேசினார். அதில் கோயில் பூட்டைத் திறந்ததற்காகக் கையை இழக்கும் இசக்கியாக வடிவேலு நடித்திருந்தார். இரண்டு பெரிய வீடுகளின் பகையில் கை போனது இசக்கிக்கு. ஆனால் கதை இசக்கியுடையது ஆகவில்லை. அந்த இசக்கிதான் மாமன்னன் என்று மாரி செல்வராஜ் சொன்னார்; அதே வடிவேலுவை மையத்தில் உட்காரவைத்துப் படமும் எடுத்தார். ‘தேவர் மகனை’ இன்றும் நான் மதிப்போடுதான் பார்க்கிறேன். ஆனால் இப்போது பார்க்கும்போது என் கண் இசக்கியைத் தேடுகிறது. ஒரு குடும்பத்தின் பழியில் சம்பந்தமே இல்லாமல் அழிந்துபோகும் மனிதர்களைக் கணக்கில் வைக்காத படம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

துரோகம் ஏன் பெரும்பாலும் இடைவேளையில் வருகிறது?

பார்வையாளரைக் கொதிப்போடு வெளியே அனுப்பி, அதே கொதிப்போடு திரும்ப வரவைக்க. நம் படங்களுக்கு இடைவேளை என்பது ஒரு கதை உறுப்பு. முதல் பாதி முழுக்கப் பாசத்தைச் சேர்த்துவைக்க நேரம் கிடைக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இடைவேளைக்குள் துரோகம் வந்தாக வேண்டுமே என்ற அவசரத்தில் பாசத்தை இரண்டு பாட்டில் முடித்துவிடுகிறார்கள்.

ரத்த உறவு இல்லாதவர் செய்தால் அது குடும்பத் துரோகம் ஆகுமா?

ஆகும். தமிழ்நாட்டுத் தெருக்களில் முறை வைத்துக் கூப்பிடாத உறவு குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் சித்தப்பா, தெருமுனையில் நிற்பவன் மாப்ளே. 2008இல் சசிகுமார் இயக்கிய ‘சுப்ரமணியபுரம்’ இதை வைத்துத்தான் நெஞ்சை அறுக்கிறது. 1980இன் மதுரை. வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள், எதிர்வீட்டு அரசியல் குடும்பத்தின் கனகுவை அண்ணனாக நினைத்து, அவர் வருத்தத்தைத் தங்கள் வருத்தமாக எடுத்துக்கொண்டு கொலை செய்கிறார்கள். ஜெயிலுக்குப் போனபிறகு அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே தொடங்கும் துரோகம் வரிசையாக இறங்கி, காதலியின் கைக்கும் கடைசியில் கூடவே கிடந்த நண்பனின் கைக்கும் வந்துசேர்கிறது.

அந்தப் படத்தில் காதலி துளசி, தன் காதலன் அழகரை அழைத்துக்கொண்டுவந்து ஒப்படைக்கும் காட்சியைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவள் முகத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடிவதில்லை. தன் வீட்டாருக்காகத் தன் மனசுக்குத் துரோகம் செய்கிறாள். அதற்கு முன் டீக்கடை ஸ்பீக்கரில், ஜன்னலோரத்தில், தெருமுனையில் என்று அந்தக் காதலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘சிறு பொன்மணி அசையும்’ என்ற இளையராஜாவின் பாடலை இந்தப் படத்துக்குப் பிறகு பழையபடி என்னால் கேட்க முடியவில்லை. 1980இன் ‘கல்லுக்குள் ஈரம்’ படப் பாட்டு அது. அந்தக் காலத்து வாசனைக்காக வைத்தது, கடைசியில் காயமாகவே ஆகிவிட்டது.

கூடப் பிறந்தவர்களே எதிரியாகும் படங்கள் எவை?

2018இல் மணிரத்னம் இயக்கிய ‘செக்கச்சிவந்த வானம்’. தாதா சேனாபதி மீது தாக்குதல் நடக்கிறது. மூன்று மகன்களும் எதிரியை வெளியே தேடுகிறார்கள். விடை வீட்டுக்குள் இருக்கிறது. சேனாபதியாக வரும் பிரகாஷ்ராஜ் அந்த உண்மையைத் தெரிந்துகொண்டே மௌனமாக இருக்கும் இடம் எனக்குப் படத்தின் எல்லாத் துப்பாக்கிச் சண்டையையும்விடப் பெரிது. பெற்றவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

2024 ஜூலையில் வந்த ‘ராயன்’ தனுஷின் ஐம்பதாவது படம், இயக்கமும் அவரே. சின்ன வயதில் பெற்றோரை இழந்து, இரண்டு தம்பிகளையும் கைக்குழந்தையான தங்கையையும் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடிவந்தவன், சாப்பாட்டு வண்டி வைத்து அவர்களை ஆளாக்குகிறான். பிறகு அந்தத் தம்பிகளே பகைவனின் பக்கம் சாய்கிறார்கள். அண்ணன் செய்யும் தொழிலே சமைத்துப் போடுவது! நான் மேலே சொன்ன சோற்றுக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. தம்பிகள் மனம் மாறும் இடம் வேகமாகப் போய்விடுகிறது. பதினைந்து இருபது வருடம் சோறு போட்ட கையைக் கடிக்க ஒருவன் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பான்? அந்த ஒரு இரவையாவது காட்டியிருக்கலாம்.

இந்தப் படங்களில் பெண்களுக்கு அழுவதைத் தவிர வேலை உண்டா?

நல்ல படங்களில், பழியின் கடிவாளம் எப்போதுமே பெண்ணின் கையில்தான் இருந்திருக்கிறது. கண்ணகியிடமிருந்து வரும் வழக்கம் இது. 1954இன் ‘மனோகரா’வைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், மு. கருணாநிதியின் வசனம். வசந்தசேனையின் மயக்கத்தில் அரசன் சொந்த மனைவியையும் மகனையும் கைவிடுகிறான். வாளை உருவத் துடிக்கும் மகனைத் தாய் பத்மாவதி படம் முழுக்கத் தடுத்துக்கொண்டே இருக்கிறாள். சங்கிலியில் பிணைக்கப்பட்ட மனோகரனைக் கடைசியில் எழச் சொல்வதும் அவளே. கண்ணாம்பாவின் அந்தக் குரலைக் கேட்டவர்கள், சிவாஜியின் வீரம் அங்கே அம்மாவின் அனுமதிக்காகக் காத்திருந்ததை உணர்ந்திருப்பார்கள்.

நேராக 2018க்கு வாருங்கள். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ ஒரு கொலைக்குப் பிறகு தொடங்குகிறது. ரத்தம் சொட்டும் கத்திகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு நான்கு பேர் பேசுகிறார்கள். வெட்டப்பட்டவன் அவர்களை வளர்த்துவிட்ட ராஜன். அவன் மனைவி சந்திரா, வெட்டியவர்களில் ஒருவனையே கல்யாணம் செய்துகொண்டு, அவன் வீட்டிலேயே சமைத்து, அவனுக்கே பரிமாறி, வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். துரோகத்துக்கு அதே துரோகத்தால் பதில். உண்ட வீட்டு ரெண்டகத்தைச் சோறு போட்டே திருப்பிக் கொடுப்பது. சந்திராவாக வரும் ஆண்ட்ரியா பெரும்பாலும் கத்தாமல் நடித்திருப்பதால்தான் அந்தக் காத்திருப்பு நம்மைப் பயமுறுத்துகிறது.

‘ராயனில்’ துஷாரா விஜயனின் துர்காவும் இந்த வரிசையில் வருகிறாள். குற்றுயிராகக் கிடக்கும் அண்ணனைக் காக்க அவள்தான் கையை ஓங்குகிறாள். ஆனால் அவளுக்கு அந்தக் கோபத்தைக் கொடுப்பதற்காகப் படம் அவள்மேல் ஏவும் கொடுமையை என்னால் ஏற்க முடியவில்லை. பெண்ணின் உடல்மீது வன்முறை செய்துதான் அவளை வீரமாக்க வேண்டும் என்ற வழக்கத்தை நம் இயக்குநர்கள் விடவேண்டும். சந்திராவுக்கு அது தேவைப்படவில்லையே.

இவை பழிவாங்குவதைப் பெருமைப்படுத்துகின்றனவா?

சில படங்கள் அப்படித்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நிலைத்த படங்களை எடுத்துப் பாருங்கள். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். அதைத் தழுவி வெற்றிமாறன் 2019இல் ‘அசுரன்’ எடுத்தார். தனுஷுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தன. அதில் அண்ணனைக் கொன்ற நிலக்காரரைச் சின்னப் பையன் வெட்டிவிடுகிறான். வேறு படமாக இருந்தால் அத்தோடு கைதட்டி எழுந்துவிடலாம். இங்கே பழி முடிந்த பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது. அப்பன் மிச்சமிருக்கும் மகனை இழுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறான். அவனுக்கு இனி வேண்டியது ஒன்றுதான், இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும்.

கடைசியில் அந்த அப்பன் சிவசாமி மகனிடம் சொல்வது படிப்பைப் பற்றி. ‘தேவர் மகனில்’ கதாநாயகன் சக்திவேல் ஜெயிலுக்குப் போகும் முன் சொல்வதும் அதையேதான். இரண்டு படங்களுக்கும் நடுவில் இருபத்தேழு வருடம். ஒருவன் நிலம் வைத்திருந்த வீட்டுப்பிள்ளை, இன்னொருவன் நிலம் பறிக்கப்பட்ட வீட்டுத் தகப்பன். இருவரும் ஒரே புத்திமதிக்கு வந்துசேர்கிறார்கள். ஆனால் சக்திவேல் சொல்வது அரிவாளைப் போடுவதற்கான வழி. சிவசாமி சொல்வது, யாராலும் பறிக்க முடியாத சொத்து எது என்பதற்கான பதில். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள், இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சான்றிதழைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ‘ஏ’ என்றால் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். ‘வடசென்னை’, ‘ராயன்’ இரண்டும் ‘ஏ’. முன்பு ‘யு/ஏ’ என்று ஒரே பிரிவாக இருந்தது, 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘ஏ’ படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுசான்றிதழ் வாங்கியே ஒளிபரப்புவார்கள். அதனால் டிவியில் பார்த்துவிட்டு ‘கதை ஒட்டவில்லையே’ என்று சொல்லாதீர்கள்.

நான் இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

சண்டைக் காட்சிகளை எழுதுவதற்கு முன் அந்த வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். அடுப்படி எங்கே, யார் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யார் சாப்பிட்ட பிறகு யார் சாப்பிடுவார்கள், வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சாவி யார் இடுப்பில். துரோகம் செய்யப்போகிறவனுக்கு ஒரு நியாயத்தைக் கொடுங்கள். அண்ணன் படிக்கவைத்தான், சரி. ஆனால் ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே தம்பியைக் குறுகவைத்திருக்கலாம். கடன்பட்ட மனசுக்குள் வெறுப்பு எப்படி ஊறுகிறது என்பதை நம் படங்கள் இன்னும் முழுதாகத் தொடவில்லை. பேராசை என்று ஒரே வார்த்தையில் அவனை முடித்துவிடாதீர்கள். அப்புறம், உண்மை வெளியே தெரிவதற்கு முன்பே வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். பெரும்பாலும் அது அம்மாவாக இருப்பாள். தெரிந்தும் அவள் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதினாலே உங்களுக்குப் பாதிப் படம் கிடைத்துவிடும்.

இதுவரை எதையும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்குவது?

‘சுப்ரமணியபுரம்’. முதல் ஒரு மணிநேரம் இது சண்டைப் படம் என்பதே மறந்துபோகும். அப்படி மறந்திருக்கும்போதுதான் அது உங்களைப் பிடிக்கும். அடுத்து ‘தேவர் மகன்’, மறுநாளே ‘அசுரன்’. ‘வடசென்னை’யில் பாத்திரங்கள் அதிகம், காலமும் முன்னும் பின்னுமாகப் போகும், கைபேசியைத் தூர வைத்துவிட்டு உட்காருங்கள், சந்திராவின் கண்களை மட்டும் விடாமல் பின்தொடர்ந்தால் கதை தானாகத் தெளியும். ‘மனோகரா’வை வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களோடு பாருங்கள். வசனம் திரையில் வருவதற்கு முன்பே அவர்கள் வாயில் வந்துவிடும்.